நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோலா, ஃபமோட்டிடினா?

"இந்த இரண்டிலும் எது திறம்?" மருந்து கொடுக்கும் யன்னலில் நிற்பவர்கள் ஒரு மருந்தாளரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மல்லாவியில் காட்டியபோது ஃபமோட்டிடின் எழுதியிருப்பார்கள். பிறகு வேறு வருத்தத்துக்கு வவுனியா போனபோது ஒமெப்ரசோல் எழுதியிருப்பார்கள். வீட்டில் இரண்டு கடதாசி உறையும் இருக்கும். எதைப் போடுவது, எதை விடுவது, இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று தெரியாமல், நெஞ்சு எரிகிற அன்றைக்குக் கையில் அகப்பட்டதைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

இரண்டும் டொக்டர் எழுதித் தரவேண்டிய மருந்துகள். முடிவு அவருடையதுதான். ஆனால் ஓபிடி வரிசையில் அவர் உங்களோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதை வைத்தே அவர் தெரிவு செய்வார். "காஸ்ரிக் டொக்டர்" என்று மட்டும் சொன்னால் பொதுவாக எல்லோருக்கும் எழுதுவதைத்தான் அவரும் எழுத முடியும். எதைச் சொல்லவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

## எந்தக் குளிசையும் போடமுன்

சில அறிகுறிகள் இருந்தால் எந்தக் குளிசை என்ற கேள்விக்கே இடமில்லை. சாப்பாடு விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே தடக்குவது, காரணமில்லாமல் மெலிவது, இரத்தமாகவோ கோப்பித்தூள் போலவோ சத்தி எடுப்பது, மலம் தார் மாதிரிக் கறுத்துப் போவது, இரத்தம் குறைந்து வெளிறுவது, 55 வயதுக்குப் பிறகு புதிதாக நெஞ்செரிவு தொடங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வாய் வழியே வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்பதைப் பற்றி டொக்டரோடு கதைக்கவேண்டும். இரும்புக் குளிசை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது இதைவிட அவசரமானது. நெஞ்சை அமத்துகிற வலி, வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் நோவு வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 'காஸ்' என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கவே கூடாது. நம் ஊர்களில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கான தூரமே பாதி நேரத்தைத் தின்றுவிடும். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு சிலவேளை நெஞ்சுவலி இல்லாமல் வெறும் வயிற்றுப் பிரட்டலாகவே வரும் என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது?

'எது பலமானது' என்று மட்டும் பார்த்தால் ஒமெப்ரசோல்தான் வெல்லும், அதோடு கதை முடிந்துவிடும். ஆனால் பலமானது எல்லோருக்கும் பொருத்தமானது இல்லை. நான் பார்ப்பவை இவை: எரிவு கிழமைக்கு எத்தனை நாள் வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, உணவுக்குழாயில் புண் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறு என்ன மருந்து போடுகிறார், அவருடைய வேலையும் சாப்பாட்டு நேரமும் அந்தக் குளிசையின் நேரத்தோடு ஒத்துப்போகுமா, கடைசியாக, எப்போது, எப்படி நிறுத்துவது.

விலையை இந்த வரிசையில் பின்னுக்குத்தான் வைப்பேன். இரண்டும் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள், அரச ஆஸ்பத்திரியில் எழுதிக் கிடைத்தால் இலவசம். வெளியே பாமசியில் வாங்கினாலும், கம்பனிப் பெயர் பார்க்காமல் மருந்தின் பொதுப்பெயரில் கேட்டால் இரண்டும் பெரிய காசு இல்லை. ஒட்டுசுட்டானில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ கிளினிக்குக்கு வந்துபோகும் பஸ் காசும், அன்றைக்கு இழக்கும் கூலியும்தான் உண்மையான செலவு. அதனால் ஒருமுறை வந்தால் சரியான மருந்தோடு போகவேண்டும்.

## வயிற்றுக்குள் நடப்பது

இரைப்பையின் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் கலங்கள் உள்ளன. அந்தக் கலங்களுக்கு 'சுரக்கவும்' என்ற கட்டளை மூன்று வழியால் வருகிறது: ஹிஸ்டமின், காஸ்ட்ரின், நரம்பில் இருந்து வரும் அசெற்றைல்கோலின். மூன்றும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரே இடத்துக்கு, அமிலத்தை வெளியே தள்ளும் பம்புக்கு.

ஃபமோட்டிடின் ஹிஸ்டமின் வழியை மட்டும் மறிக்கிறது. ஒமெப்ரசோல் பம்பையே பூட்டிவிடுகிறது. குளத்துத் துருசைத் திறக்கச் சொல்லி மூன்று பேர் வருகிறார்கள் என்றால், ஃபமோட்டிடின் அதில் ஒருவரை வழியில் நிறுத்துகிறது. ஒமெப்ரசோல் துருசுக்கே பூட்டுப் போடுகிறது. பூட்டிய பம்பு திரும்ப வேலை செய்யாது, உடம்பு புதிதாகப் பம்பு செய்தாகவேண்டும். அதனால்தான் ஒமெப்ரசோல் இரத்தத்தில் ஓரிரு மணி நேரத்தில் குறைந்து போனாலும் அதன் பலன் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கிறது.

ஒமெப்ரசோல் 1988 இல் பாவனைக்கு வந்தது, அதன் வகையில் முதலாவது மருந்து. ஃபமோட்டிடினின் வகை அதற்கும் முந்தியது. நம்மில் பலருக்கு அந்த வகையில் நன்றாகத் தெரிந்த பெயர் ரனிட்டிடின். 2019 இல் ரனிட்டிடின் குளிசைகளில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அசுத்தம் கண்டுபிடிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைச் சந்தையில் இருந்து முற்றாக எடுக்கச் சொன்னது. "அது கூடாத குளிசை என்று நிப்பாட்டினவை, இதுவும் அதுதானே?" என்று ஃபமோட்டிடினைக் கண்டு பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். வகை ஒன்றுதான், இரசாயன அமைப்பு வேறு. ரனிட்டிடினில் அந்த அசுத்தம் உருவான விதத்தில் ஃபமோட்டிடினில் உருவாகாது. பயப்படத் தேவையில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பார்க்கவேண்டியது | ஒமெப்ரசோல் | ஃபமோட்டிடின் |
|---|---|---|
| வழமையான அளவு (பெரியவர்களுக்கு) | 20 மி.கி., நாளுக்கு 1 தடவை | 20 மி.கி., நாளுக்கு 2 தடவை |
| பலன் தொடங்குவது | முழுப் பலனுக்கு 3 முதல் 5 நாள் | 1 மணி நேரத்துக்குள் |
| ஒரு குளிசையின் பலன் | 24 மணி நேரமும் அதற்கு மேலும் | 10 முதல் 12 மணி நேரம் |
| சாப்பாட்டோடு தொடர்பு | முதல் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் | சாப்பாட்டோடும் இல்லாமலும் போடலாம் |
| உணவுக்குழாய்ப் புண் ஆற்றுவது | மிக நல்லது | குறைவு |
| தினமும் போட்டுவந்தால் | பலன் குறையாது | 1, 2 கிழமையில் பலன் குறையத் தொடங்கும் |
| சிறுநீரக வருத்தம் இருந்தால் | அளவு மாற்றத் தேவையில்லை, ஆனால் கவனம் வேண்டும் | அளவைக் கட்டாயம் குறைக்கவேண்டும் |
| குளோபிடோகிரல் (இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் இதயக் குளிசை) போடுபவருக்கு | தவிர்க்கவேண்டும் | தடையில்லை |
| திடீரென நிறுத்தினால் | எரிவு திரும்பி எழும்பலாம் | பொதுவாகச் சிக்கல் குறைவு |

## ஒமெப்ரசோல்: எங்கே பலம், எங்கே கரைச்சல்

அமிலம் மேலே ஏறி ஏறி உணவுக்குழாய் புண்ணாகிவிட்டவர்களுக்கு இதுதான் மருந்து, இதில் இரண்டு கருத்து இல்லை. இந்த வகைக் குளிசையில் 8 கிழமையில் பத்துப் பேரில் எட்டுப் பேர் அளவில் புண் ஆறுகிறது. ஃபமோட்டிடின் வகையில் இன்னும் கூடிய நாள் கொடுத்தாலும் பாதிப் பேர் அளவில்தான் ஆறுகிறது. கிழமையில் 2 நாளுக்கு மேல் எரிவு வருகிறவர்களுக்கும், நித்திரையைக் குழப்பும் அளவுக்கு எரிகிறவர்களுக்கும் டொக்டர்கள் 4 முதல் 8 கிழமைக்கு இதை எழுதுவது அதனால்தான்.

வலிக் குளிசையோடு வாழ்பவர்களைத் தனியாகச் சொல்லவேண்டும். வன்னியில் இது சின்னத் தொகை இல்லை. போரில் உடம்பில் செல்துண்டு தங்கியவர்கள், கால் இழந்து பொய்க்காலோடு நடப்பவர்கள், முதுகெலும்பில் காயம்பட்டவர்கள் எனப் பலர் வருடக்கணக்காக டைக்ளோஃபெனாக், இபுபுரொஃபென் போன்றவற்றைப் போட்டுவருகிறார்கள். நாற்று நட்டு, கதிர் அறுத்து நாரி பிடிக்கிறவர்களும் பாமசியில் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். இவை இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைக் குறைத்துப் புண்ணை உண்டாக்குகிற குளிசைகள். அந்தப் புண்ணில் இருந்து காக்க ஒமெப்ரசோல் நன்றாக உதவும், வழமையான அளவு ஃபமோட்டிடின் அந்த அளவுக்கு உதவாது. ஆனால் அதற்கு முதல் கேட்கவேண்டிய கேள்வி, அந்த வலிக் குளிசை உண்மையில் தேவைதானா, பனடோல் போதாதா என்பது. வலிக் குளிசை போடுவதை டொக்டரிடம் மறைக்காதீர்கள். 'காஸ்ரிக்' என்று வருகிறவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயங்களில் இதுதான் பெரியது.

ஒமெப்ரசோலின் கரைச்சல் அதன் நேரத்தில்தான் தொடங்குகிறது. பம்பு வேலைசெய்துகொண்டிருந்தால்தான் அதைப் பூட்டலாம். சாப்பாடு உள்ளே போகும்போதுதான் பம்புகள் எழும்பும். ஆகவே குளிசை அரை மணிக்கு முன்பே உள்ளே போய்க் காத்திருக்கவேண்டும். சாப்பிட்ட பிறகோ படுக்கப் போகும்போதோ போட்டால் பாதிப் பலன் வீண். "ஒமெப்ரசோல் எனக்குக் கேட்கவில்லை" என்பவர்களிடம் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் எரியும்போது போடுகிறார்கள். எரியும்போது போட்டு உடனே ஆறும் குளிசை இது இல்லை.

காலபோகத்தில் விடியமுதல் வயலுக்கு இறங்கி, வெறும் தேத்தண்ணியோடு பத்து மணிவரை நிற்பவருக்கு 'காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்' என்றால் எது காலை? அவர் பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறார் என்றால் ஒன்பதரைக்குப் போடவேண்டும். விடிய ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு ஐந்து மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மருந்து வந்த வழியே போய்விடும். முல்லைத்தீவுக் கரையில் இரவில் தொழிலுக்குப் போய் விடியத் திரும்புகிறவர்களுக்கும் இதே கணக்கு. அவர்களுடைய பெரிய சாப்பாடு எதுவோ அதற்கு முன். கந்தசஷ்டி மாதிரி நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் விரதத்திலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்தான் போடவேண்டும். நோன்பு பிடிப்பவர்கள் சஹருக்கு முன்னா, நோன்பு திறந்தபின் சாப்பிடும் சாப்பாட்டுக்கு முன்னா என்பதை டொக்டரோடு முன்கூட்டியே கதைத்து வைத்திருங்கள்.

இன்னொன்று, ஒமெப்ரசோல் கூட்டை (கப்சூலை) உடைத்து உள்ளே இருக்கும் மணிகளை அரைக்கவோ சப்பவோ கூடாது. அந்த மணிகளின் மேற்பூச்சு, வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்காகப் போட்டது. மருந்தை ஈரம் கெடுக்கும். கடதாசி உறையில் கிடைத்த கூடுகளைக் குசினித் தட்டிலோ தகரக் கூரைக்குக் கீழேயோ வைக்காமல், இறுக்கி மூடிய உலர்ந்த போத்தலில் வெளிச்சம் படாமல் வையுங்கள். உள்ளே மணிகள் நிறம் மாறியிருந்தால் போடவேண்டாம்.

### நாள்பட்டால் வரும் மறைவான செலவு

4 அல்லது 8 கிழமைக்கு எழுதிய குளிசை, கிளினிக் கொப்பியில் மாதாமாதம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வருடக்கணக்கில் ஓடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அப்படி ஓடினால் என்ன?

அமிலம் குறைந்தால் உணவில் இருந்து பி12 உயிர்ச்சத்துப் பிரிந்து சேர்வது குறைகிறது. 2 வருடத்துக்கு மேல் போடுபவர்களில் இது தெரியவரலாம். சீனிக்கு மெட்ஃபோர்மின் போடுபவர்களுக்கு அந்தக் குளிசையாலும் பி12 குறையும், இரண்டும் சேர்ந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களும் அப்படித்தான். கால் விறைப்பு, உள்ளங்கால் எரிவு வந்தால் எல்லாவற்றையும் சீனியின் மேல் போட்டுவிடாமல் பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள். இரும்புச்சத்தும் குறைவாகவே உறிஞ்சப்படும். இரத்தச்சோகைக்கு இரும்புக் குளிசை போடும் பெண்களுக்கு இது முக்கியம். நீண்டகாலப் பாவனையில் மக்னீசியம் குறைவதையும், இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு சற்றுக் கூடுவதையும் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010, 2011 இல் எச்சரித்தது.

அதே நேரம் பயத்தைப் பெருப்பிக்கவும் நான் விரும்பவில்லை. 2019 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் இதே வகையைச் சேர்ந்த பன்டோப்ரசோலை 17,000 க்கும் அதிகமான இதய, இரத்தக்குழாய் நோயாளிகளிடையே, போலிக் குளிசையோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய 3 வருடம் பார்த்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்தான். எலும்பு முறிவோ சிறுநீரக வருத்தமோ கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே தேவை உள்ளவர் பயந்து நிறுத்தக்கூடாது, தேவை முடிந்தவர் பழக்கத்தில் தொடரக்கூடாது.

அந்தக் குடல் தொற்று விஷயம் நமக்குச் சின்னதில்லை. வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்லும் முதல் காவல். அது குறைந்தவர்களுக்கு வயிற்றோட்டக் கிருமிகள் எளிதில் பிடிக்கும். மாரியில், 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த மாதிரி வெள்ளம் வந்து கிணறுகள் மூடுண்டால், ஒமெப்ரசோல் போடுபவர்கள் கொதித்தாறிய தண்ணீரைத் தவிர வேறு குடிக்கவே கூடாது. கிணற்றுக்குக் குளோரின் போட்டாலும் கொதிக்கவைப்பதை விடவேண்டாம்.

## ஃபமோட்டிடின்: எங்கே பலம், எங்கே கரைச்சல்

கிழமைக்கு ஒரு நாள், இரு நாள் எரிகிறவருக்கு, குறிப்பாக எப்போது எரியும் என்று முன்பே தெரிந்தவருக்கு, இது மிகவும் பொருத்தமான குளிசை. கலியாண வீட்டில் பிந்திச் சாப்பிட்டால் எரியும், உறைப்புக் கூடிய இறைச்சிக் கறியென்றால் எரியும் என்று தெரியும் அல்லவா? சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் முன்பாகப் போட்டால் போதும். ஒரு நாளைக்காக 5 நாள் காத்திருக்கத் தேவையில்லை.

இரவு எரிவுக்கும் இது நல்லது. படுத்திருக்கும் நேரத்தில் அமிலம் சுரப்பதில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்குண்டு. யானைக் காவலுக்குப் பரணில் இருந்துவிட்டு நடுச்சாமத்தில் சாப்பிட்டுச் சாய்கிறவர்களின் எரிவு இந்த வகைதான். அவர்களுக்கு முதல் மருந்து சாப்பாட்டு நேரத்தை இரண்டு, மூன்று மணி முன்னுக்குத் தள்ளுவதும் தலைமாட்டை உயர்த்துவதும் என்பதை நான் எப்போதும் சொல்வேன். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கட்டை வைத்தால் போதும், தலையணையை அடுக்குவதால் வயிறுதான் மடியும். அதையும் செய்து, அதற்குப் பிறகும் எரிந்தால் இரவுக்கு ஒரு ஃபமோட்டிடின்.

கரைச்சல், உடம்பு இதற்குப் பழகிவிடுவது. தினமும் போட்டுவந்தால் ஒன்றிரண்டு கிழமையில் முந்திய அளவுக்குக் கேட்காது. அப்போது அளவைக் கூட்டுவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. 'முந்திக் கேட்டது, இப்ப கேட்குதில்லை' என்றால் குளிசை கலப்படம் என்று நினைக்காமல் டொக்டரிடம் போங்கள். தினமும் தேவைப்படும் எரிவு என்றாலே ஃபமோட்டிடின் தனியாகத் தாங்கும் எரிவு இல்லை.

### சிறுநீரகம்

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். வவுனியா மாவட்டத்திலும் அதை ஒட்டிய மதவாச்சி, பதவியா ஊர்களிலும் விவசாயிகளைப் பிடிக்கும், காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக வருத்தம் இருக்கிறது. சீனியும் பிரஷரும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. தொடக்கத்தில் நோவோ வீக்கமோ தெரியாது. இரத்தத்தில் கிரியேற்றினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

ஃபமோட்டிடின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழமையான அளவைக் கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கும். வயது போனவர்களுக்கு அது மனக்குழப்பமாக வெளிப்படும்: ஆள் அடையாளம் தெரியாமல் கதைப்பது, பகலில் அளவுக்கு மிஞ்சித் தூங்குவது, இரவில் எழும்பி அலைவது. வீட்டில் 'அப்பாவுக்கு வயது போய்விட்டது' என்று விட்டுவிடுவார்கள். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கும் குழம்பக்கூடும். அதனால் அளவைப் பாதியாக்குவார்கள், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள்.

சரி, அப்படியானால் ஒமெப்ரசோல் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பா? அதன் அளவை மாற்றத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அரிதாகச் சிலருக்கு அது சிறுநீரகத்திலேயே ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். குளிசை தொடங்கிய சில கிழமையிலோ மாதத்திலோ காய்ச்சல், தோலில் பொருக்கு, சிறுநீர் குறைதல் வந்தால் உடனே காட்டவேண்டும். ஆகச் சிறுநீரக வருத்தக்காரர் எந்தக் குளிசை போட்டாலும் அந்த வருத்தத்தைச் சொல்லித்தான் எழுதுவிக்கவேண்டும். வலிக் குளிசையும் அவருக்குக் கூடாதது.

செட்டிகுளம் பக்கத்தில் இருந்தோ வவுனியா தெற்கில் இருந்தோ வருபவர், 40 வயதைக் கடந்த விவசாயி, வருடக்கணக்கில் கிரியேற்றினின் பார்க்காதவர் என்றால், நெஞ்செரிவுக்குக் குளிசை எழுதும் அந்த நாளிலேயே "ஒருக்கா இரத்தம் பார்க்கலாமா டொக்டர்?" என்று கேளுங்கள்.

## மற்ற மருந்துகளோடு

இதய வருத்தத்துக்குக் குளோபிடோகிரல் போடுபவர்கள் ஒமெப்ரசோலைத் தவிர்க்கவேண்டும். குளோபிடோகிரல் ஈரலில் மாற்றம் அடைந்த பின்தான் வேலை செய்யும். ஒமெப்ரசோல் அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. 2009 இல் இருந்தே இந்த எச்சரிக்கை உள்ளது. அவர்களுக்கு வயிற்றைக் காக்க மருந்து வேண்டும் என்றால் அதே வகையில் பன்டோப்ரசோலை டொக்டர் எழுதலாம், அல்லது ஃபமோட்டிடினைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் இதயக் கிளினிக், ஊரில் 'காஸ்ரிக்' என்று இரண்டு இடத்தில் காட்டுபவர்களுக்குத்தான் இந்தச் சேர்க்கை கவனிக்கப்படாமல் போகிறது. இரண்டு கொப்பியையும் இரண்டு இடத்துக்கும் கொண்டுபோங்கள்.

இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின், தைரொயிட் குளிசை, வலிப்புக்கான பெனிற்றோயின் போடுபவர்களும் ஒமெப்ரசோல் தொடங்கும்போது சொல்லவேண்டும். ஃபமோட்டிடின் இந்த வகையில் மிகவும் சாதுவான மருந்து.

வயிற்றுக் கிருமி, அதாவது எச். பைலோரி இருக்கிறதா என்று மூச்சிலோ மலத்திலோ பரிசோதிக்கச் சொன்னால், ஒமெப்ரசோலை 2 கிழமைக்கு முன் நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும், போன பயணம் வீண். அந்த 2 கிழமைக்கு இடையில் எரிவைத் தாங்க என்ன போடலாம் என்று பரிசோதனைக்குத் திகதி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு நான் நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. முதலில் சாப்பாட்டு முறை, பிறகு அமிலத்தை முறிக்கும் பாணி மருந்து, அதற்கும் கேட்காவிட்டால் இந்த இரண்டில் எது என்பதைக் கிளினிக்கில் தீர்மானிப்பார்கள். பக்கத்து வீட்டு உறையில் இருந்து எடுத்துப் போடவேண்டாம்.

## யாருக்கு எது என்று என்னைக் கேட்டால்

கிழமையில் ஒன்றிரண்டு நாள் மட்டும் எரிகிறவர், சிறுநீரகம் நல்லாக உள்ளவர்: ஃபமோட்டிடின், தேவைப்படும் அன்றைக்கு மட்டும்.

கிழமையில் பல நாள் எரிகிறவர், புளித்த தண்ணீர் தொண்டைவரை வருகிறவர், கமராவில் புண் தெரிந்தவர்: ஒமெப்ரசோல், எழுதிய நாள்வரை ஒரு நாளும் விடாமல், சாப்பாட்டுக்கு முன். நாலு நாளில் சுகமாகிவிட்டது என்று நிறுத்தினால் எரிவுதான் நின்றது, புண் ஆறவில்லை.

நீண்டகாலம் வலிக் குளிசையோ அஸ்பிரினோ தவிர்க்க முடியாதவர், வயதானவர், முன்பு வயிற்றுப்புண் வந்தவர்: ஒமெப்ரசோல் அல்லது அதன் வகை. இவர்களுக்கு நீண்டகாலப் பாவனையே நியாயமானது, வருடம் ஒருமுறை பி12, இரத்தம், சிறுநீரகம் பார்த்தால் போதும்.

சிறுநீரக வருத்தம் உள்ள வயோதிபர்: ஃபமோட்டிடின் என்றால் குறைத்த அளவு, இல்லையேல் டொக்டரின் கண்காணிப்பில் ஒமெப்ரசோல். இரண்டுக்கும் நடுவில் நான் இரண்டாவதைத்தான் சாய்ந்து பார்ப்பேன், மனக்குழப்பம் வீட்டில் அடையாளம் காணப்படாமல் போவதைப் பலதடவை கண்டதால்.

எந்தக் குளிசையும் கேட்காமல், வெற்றிலையும் புகையிலையும் சாராயமும் விடாமல், இரவு பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பவருக்கு: குளிசையை மாற்றுவதால் பெரிய வித்தியாசம் வராது.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்றால், டொக்டர் சொல்லிப் போடுகிற ஒரு வழி உண்டு. காலையில் ஒமெப்ரசோல் போட்டும் இரவில் எரிகிறவருக்குப் படுக்கும்போது ஃபமோட்டிடின் சேர்ப்பார்கள். உடம்பு பழகிவிடும் என்பதால் இரவுக் குளிசையைத் தினமும் போடாமல் இடைவிட்டுப் போடச் சொல்வார்கள். நீங்களாக இரண்டு உறையையும் ஒன்றாகத் திறக்கவேண்டாம்.

## நிறுத்தும்போது

ஃபமோட்டிடினை நிறுத்துவதில் பெரிய வேலை இல்லை. ஒமெப்ரசோல் அப்படியில்லை.

2009 இல் டென்மார்க்கில் ஒரு ஆய்வு செய்தார்கள். நெஞ்செரிவே இல்லாத 120 பேரில் ஒரு பகுதியினருக்கு 8 கிழமை எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அது ஒமெப்ரசோலின் உடன்பிறப்பு. நிறுத்திய பின் அடுத்த 4 கிழமைக்குள் அவர்களில் 44 வீதமானோருக்கு எரிவோ, புளியேப்பமோ, வயிற்றுக் குழப்பமோ வந்தது. போலிக் குளிசை குடித்தவர்களில் அது 15 வீதம். அமிலத்தை அடக்கி வைத்திருந்த நாட்களில் காஸ்ட்ரின் கூடிக் கூடிச் சுரப்புக் கலங்கள் பெருகிவிடுகின்றன. பூட்டு எடுபட்டதும் அவை எல்லாம் சேர்ந்து சுரக்கின்றன.

இதை அறியாதவர், நிறுத்திய மூன்றாம் நாள் எரிந்ததும் 'வருத்தம் இன்னும் இருக்கிறது, இது இல்லாமல் எனக்குச் சரிவராது' என்று முடிவெடுத்து மறுபடி தொடங்குகிறார். வருடங்கள் போவது இப்படித்தான். அந்த எரிவு வருத்தத்தால் வருவதாக இருக்கத் தேவையில்லை, நிறுத்தியதால் எழும்பியதாக இருக்கலாம். பெரும்பாலும் சில கிழமையில் தணிந்துவிடும்.

எனவே 2 மாதத்துக்கு மேல் போட்டவர்கள் டொக்டரோடு கதைத்து மெல்லக் குறைப்பது நல்லது: தினமும் போட்டதை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளுக்கு ஒன்று, இரண்டு மூன்று கிழமையில் நிறுத்தம். இடையில் எரிந்தால் ஃபமோட்டிடின் அல்லது அமிலத்தை முறிக்கும் பாணி மருந்து. இந்த இரண்டு குளிசையும் ஒன்றுக்கொன்று உதவும் இடம் இதுதான். மாரடைப்பு வந்து அஸ்பிரின் போடுபவர், முன்பு வயிற்றில் இரத்தப்போக்கு வந்தவர், உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவர், உணவுக்குழாயின் உட்படை மாறியிருப்பதாகக் கமராவில் சொல்லப்பட்டவர் ஆகியோர் மட்டும் இந்தக் குறைப்பைத் தாங்களாகத் தொடங்கவேண்டாம்.

முழுதாக நிறுத்தி ஒரு மாதம் கடந்த பிறகும் கிழமைக்குப் பல நாள் எரிகிறது என்றால், அது நிறுத்தியதால் வந்த எரிவு இல்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா உறைகளையும், வெளியே வாங்கிய வலிக் குளிசை அட்டை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எரிவு எத்தனை நாளுக்கு ஒருக்கா, எந்த நேரத்தில், என்ன சாப்பிட்டபின் என்பதை ஒரு தாளில் குறித்துவைத்தால் இன்னும் நல்லது.